கல்லூரிச் செலவின் தேதி, பிள்ளை பிறந்த அன்றே தெரியும்

என் அக்கா மகனுக்குப் பொறியியல் கவுன்சலிங்கில் இடம் கிடைத்த வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நினைத்த பாடம், நினைத்த கல்லூரி. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அடுத்த நாளே அக்கா பீரோவைத் திறந்து வளையல்களை எடுத்தாள். முதல் ஆண்டுக் கட்டணம், விடுதி முன்பணம், மெஸ் முன்பணம், ஒரு லேப்டாப். எல்லாவற்றையும் சில நாட்களுக்குள் கட்ட வேண்டும். வங்கியில் கல்விக் கடனுக்கு விண்ணப்பித்திருந்தார்கள், ஆனால் அது கைக்கு வரப் பல வாரங்கள் ஆகும். வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. திரும்பி வர மூன்று ஆண்டு ஆனது.

அந்தச் செலவு திடீரென்று வந்ததல்ல. விபத்து, நோய், வேலை இழப்பு எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கல்யாணத்தைக்கூட ஒரு வருடம் தள்ளிப் போடலாம், வீடு கட்டுவதை ஐந்து வருடம் தள்ளலாம். கல்லூரிச் சேர்க்கை அப்படியில்லை. மார்ச்சில் தேர்வு, மே மாதம் முடிவு, அதன்பின் இரண்டு மூன்று மாதங்களில் பணம். 2025 ஜூலையில் பிறந்த குழந்தை ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தால் 2042 மார்ச்சில் பிளஸ் டூ எழுதும். ஆறு வயதில் சேர்க்கிற பள்ளி என்றால் ஒரு வருடம் தள்ளும். எப்படியானாலும் தேதி முன்பே தெரியும். பிள்ளையின் படிப்புக்காகச் சேமிப்பது பற்றிப் பேசும்போது "எதில் போட்டால் அதிக வட்டி" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். "2042 ஜூலையில் இந்தப் பணம் என் கையில் இருக்குமா" என்று கேட்பவர்கள் குறைவு. குடும்பங்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியில்தான் என்பது என் அனுபவம்.

சரி, முதலில் கணக்கு. மாதம் 5,000 ரூபாய், ஆண்டுக்கு 8 சதவீத வளர்ச்சி, 17 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். நாம் போடுவது 10.2 லட்சம், கையில் நிற்பது சுமார் 21.6 லட்சம். இதே தொகையை எட்ட, குழந்தைக்கு ஏழு வயதானபின் தொடங்கினால் மாதம் சுமார் 11,800 வேண்டும். பன்னிரண்டு வயதில் தொடங்கினால் 29,400. பத்தாம் வகுப்பு முடிந்தபின் தொடங்கினால், இரண்டே ஆண்டுகளில், மாதம் 83,000. அந்த 21.6 லட்சத்தைப் பிரித்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். முதல் ஏழு ஆண்டுகளில் போட்ட 4.2 லட்சம் மட்டுமே 12.4 லட்சமாக வளர்ந்து நிற்கிறது. மீதிப் பத்து ஆண்டுகளில் போட்ட 6 லட்சம் தருவது 9 லட்சத்துச் சொச்சம்தான்.

ஆனால் அந்த முதல் ஏழு ஆண்டுகள்தான் ஒரு குடும்பத்துக்கு மிகக் கடினமான ஆண்டுகள் என்பதையும் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு பல வீடுகளில் ஒரு சம்பளம் நின்றுபோகும். வாடகை, வீட்டுக் கடன், தடுப்பூசி, பால் பவுடர் என்று எல்லாமே அப்போதுதான். அதனால் 5,000 முடியாது என்பவரிடம் "முடிந்தபோது தொடங்குங்கள்" என்று நான் சொல்ல மாட்டேன். 2,000-ல் தொடங்கி ஒவ்வொரு ஆண்டும் பத்து சதவீதம் கூட்டிக்கொண்டே போனால், அதே 8 சதவீத வளர்ச்சியில் 17 ஆண்டுகளில் சுமார் 17 லட்சம் வரும். கடைசி ஆண்டில் கட்டுவது மாதம் 9,200. அந்த வயதில் அந்தச் சம்பளத்துக்கு அது பெரிய சுமையாக இருக்காது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஆண்டுக்கு 40,000 ரூபாய் கட்டணம் வாங்கும் பள்ளியில் எல்கேஜி சேர்த்தால், மாதக் கணக்கில் அது 3,300-க்கு மேல். பலனை அதிகம் தரக்கூடிய அந்த முதல் ஆண்டுகளின் பணம் இப்படித்தான் போகிறது. நல்ல பள்ளி வேண்டாம் என்பதல்ல என் வாதம். மழலையர் வகுப்புக்குக் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் கல்லூரியில் ஏறக்குறைய மூன்று ரூபாயாக நின்றிருக்கக்கூடியது. இதை யோசித்தபின் முடிவெடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அப்புறம், எவ்வளவு தேவைப்படும்? திட்டம் விற்க வருபவர்கள் ஒரு தாளை நீட்டுவார்கள். கல்விச் செலவு ஆண்டுக்குப் பத்து சதவீதம் ஏறுகிறது, இன்று 10 லட்சம் ஆகும் படிப்பு 18 ஆண்டுகளில் 55 லட்சம் ஆகும் என்று அதில் இருக்கும். கணக்கு சரிதான், ஆனால் நம் ஊரில் கட்டணம் ஒரே சீராக ஏறுவதில்லை, படிக்கட்டு மாதிரி ஏறுகிறது. ஐஐடியில் பி.டெக் கல்விக் கட்டணம் 2008-ல் ஆண்டுக்கு 50,000 ஆனது, 2013-ல் 90,000, 2016-ல் ஒரே தாவலில் 2 லட்சம். எட்டு ஆண்டுகளில் நான்கு மடங்கு! ஆனால் அதே 2016-ல் பட்டியல் இன, பழங்குடி மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முழு விலக்கு, ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு முழு விலக்கு, 5 லட்சத்துக்குள் உள்ளவர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு விலக்கு என்றும் வைத்தார்கள். தமிழ்நாட்டில் தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கு, கவுன்சலிங் இடங்களுக்கான கட்டணத்தைக் கட்டண நிர்ணயக் குழு 2017-ல் உயர்த்தியபோது 40,000 என்பது 50,000 ஆனது, தேசியத் தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுகளுக்கு 45,000 என்பது 55,000 ஆனது. அந்த ஒரு படிக்கட்டை மட்டும் பார்த்தால் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வைப்பது விடுதியும் உணவும் பேருந்தும்தான், அவை விலைவாசியோடு சேர்ந்து ஒவ்வொரு ஆண்டும் ஏறுகின்றன.

ஆக, செலவை முடிவு செய்வது ஆண்டுகளைவிடப் பாதைதான். அரசு கலைக் கல்லூரி என்றால் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். கவுன்சலிங் வழியே தனியார் பொறியியல் என்றால் விடுதியோடு சேர்த்து ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் யோசிக்க வேண்டும். நிர்வாக ஒதுக்கீட்டில் தனியார் மருத்துவம் என்றால் ஆண்டுக்கே பத்து லட்சத்தைத் தாண்டும். ஒரு வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவது பாதைக்குக் கணக்குப் போட்டு, மலைத்துப்போய், ஒன்றுமே தொடங்காமல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். நடுவில் உள்ள பாதையை இலக்காக வைப்பதுதான் நியாயமாகப் படுகிறது. நான்கு ஆண்டுக் கட்டணம், நான்கு ஆண்டு விடுதி, முதல் மாதத்து ரொக்கம். அதற்கு மேல் போனால் கடன் இருக்கிறது, குறைந்தால் மேற்படிப்புக்கு ஆகும்.

இனி தேதிக்கு வருவோம். பெண் குழந்தை என்றால் அக்கம்பக்கத்தில் முதலில் சொல்வது செல்வமகள் சேமிப்புத் திட்டம். 2015 ஜனவரி 22 அன்று ஹரியானாவின் பானிப்பட்டில் தொடங்கிவைக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டம் இது, சுகன்யா சம்ரிதி என்பது அங்கே வைத்த பெயர். பத்து வயதுக்குள் அஞ்சலகத்திலோ வங்கியிலோ கணக்கு தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் 1.5 லட்சம். வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் வரி கிடையாது. வட்டியைக் காலாண்டுக்கு ஒருமுறை அரசு அறிவிக்கிறது. 9.2 சதவீதம் வரை போயிருக்கிறது, 2020 ஏப்ரலில் 7.6-க்கு இறங்கியது, 2024 ஜனவரியில் 8.2 ஆனது. மாதத்தின் ஐந்தாம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையில் கணக்கில் இருக்கும் குறைந்தபட்சத் தொகைக்குத்தான் அந்த மாத வட்டி. சம்பளம் வந்ததும் ஐந்தாம் தேதிக்குள் கட்டுவது ஒரு சின்னப் பழக்கம், பதினைந்து ஆண்டுகளில் அதற்கும் பலன் உண்டு.

நல்ல திட்டம், சந்தேகமில்லை. ஆனால் தேதியைப் பாருங்கள். பணம் கட்டுவது 15 ஆண்டுகள், முதிர்வது கணக்கு தொடங்கிய நாளிலிருந்து 21 ஆண்டுகளில். 2025-ல் பிறந்த மகளுக்கு உடனே தொடங்கினாலும் முதிர்வு 2046-ல். அவள் அப்போது பொறியியல் முடித்திருப்பாள். ஒன்பது வயதில் தொடங்கினால் முதிரும்போது அவளுக்கு முப்பது. கல்விக்காக இடையில் எடுக்கலாம், பதினெட்டு வயது ஆனபிறகோ பத்தாம் வகுப்பு தேறியபிறகோ, எது முந்தியதோ அதன்படி. ஆனால் முந்தைய நிதியாண்டின் முடிவில் இருந்த தொகையில் பாதி வரைதான். அதுவும் சேர்க்கைக் கடிதம், கட்டணச் சீட்டு காட்டி, அந்தக் கட்டணத்தின் அளவுக்கு. மொத்தமாகவும் எடுக்கலாம், ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து ஆண்டுகள் வரை தவணையாகவும் எடுக்கலாம்.

மாதம் 5,000 கட்டி, இப்போதைய வட்டியே கடைசிவரை நின்றால், 2042-ல் அந்தக் கணக்கில் சுமார் 20 லட்சம் இருக்கும். எடுக்க முடிந்தது 10 லட்சம். பாஸ்புத்தகத்தில் இருபதைப் பார்த்து "பிள்ளை படிப்புக்கு ஆயிற்று" என்று நிம்மதியாக இருந்த ஒரு தகப்பனார், அஞ்சலகக் கவுன்ட்டரில் பாதிதான் என்று கேட்டு நின்றதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். விதி தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. செல்வமகளில் போடுகிறவர்கள் இலக்கில் பாதியை மட்டும் அதன் கணக்கில் வையுங்கள். மீதிக்கு வேறு கணக்கு தேவை.

அந்த வேறு கணக்கு பல வீடுகளில் பிபிஎஃப், அதாவது பொது வருங்கால வைப்பு நிதி. ஆண் குழந்தைகளுக்கென்று தமிழக அஞ்சல் வட்டம் 2015-ல் "பொன்மகன் பொதுவைப்பு நிதி" என்று பெயர் வைத்து அறிமுகம் செய்தது, உள்ளே இருப்பது இதே பிபிஎஃப்தான். 2020 ஏப்ரல் முதல் 7.1 சதவீதம். தொடங்கிய நிதியாண்டு முடிந்து 15 ஆண்டுகள் கழித்து முதிரும். 2026-27-ல் தொடங்கினால் 2042 ஏப்ரலில் முழுத் தொகையும் கையில். பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு! ஐந்து வயதில் தொடங்கினால் 2046, அதாவது படிப்பே முடியும் நேரம். ஏழாவது நிதியாண்டிலிருந்து ஓரளவு எடுக்க வழி உண்டு, ஐந்து ஆண்டுகள் ஆனபின் மேற்படிப்புக்காக ஒரு சதவீத வட்டியை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே முடிக்கவும் வழி உண்டு. இருந்தாலும் குழந்தைக்கு ஒன்றரை வயதுக்குள் தொடங்கினால் இந்த நெளிவுசுளிவு எதுவும் தேவைப்படாது. பெற்றோர் ஒருவரின் சொந்தக் கணக்கும் அவர் பாதுகாவலராக இருக்கும் பிள்ளைக் கணக்கும் சேர்ந்து ஆண்டுக்கு 1.5 லட்சம்தான் போடலாம் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

வட்டி போதாது என்று நினைப்பவர்கள் பங்குச் சந்தை சார்ந்த மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபி, அதாவது மாதத் தவணை, போடுகிறார்கள். பதினைந்து ஆண்டு அவகாசம் இருக்கும்போது அது தவறில்லை. ஆனால் 2020-ஐ யோசித்துப் பாருங்கள். ஜனவரியில் பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி 12,000-க்கு மேல். மார்ச் 23 அன்று 7,610. அந்த ஆண்டு பிளஸ் டூ எழுதிய பிள்ளையின் பணம் முழுதும் அதில் இருந்திருந்தால்? சந்தை பிறகு மீண்டது உண்மை, ஆனால் கட்டணத்தின் கடைசித் தேதி சந்தை மீளும்வரை காத்திருக்காது. பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போதே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வங்கி வைப்புக்கோ அஞ்சலகக் கணக்குக்கோ மாற்றிவிட வேண்டும். சந்தை உச்சத்தில் இருக்கும்போது இதைச் செய்ய மனது வராது, அதனால் முன்கூட்டியே தேதி குறித்து வைப்பது நல்லது.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. பிள்ளையின் பெயரிலேயே ஃபண்ட் கணக்கு வைத்தால், பதினெட்டு வயது ஆன அன்று அது முடங்கும். எஸ்ஐபி நிற்கும், பணமும் எடுக்க முடியாது. பிள்ளைக்குப் பான் அட்டை, அவர் பெயரில் மேஜர் வங்கிக் கணக்கு, கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்பு எல்லாம் முடித்து, நிலையை மாற்றக் கடிதம் கொடுத்தால்தான் திறக்கும். நம் 2025 குழந்தைக்கு 2043 ஜூலையில் பதினெட்டு, இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கட்டும் நேரம். பெற்றோர் பெயரிலேயே வைத்து, "இது படிப்புக்கு" என்று தனியாக ஒதுக்கிக்கொள்வது எளிது. பிள்ளை பெயரில் போட்டாலும் பதினெட்டு வயது ஆகும்வரை அந்த வருமானம் பெற்றோர் வருமானத்தோடு சேர்த்துத்தான் வரிக்கு வரும், ஆகவே வரியிலும் பெரிய லாபமில்லை.

குழந்தைகளுக்கான காப்பீட்டு பாலிசிகள் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. காப்பும் சேமிப்பும் கலந்த பாலிசிகள் தரும் வருமானம் பொதுவாக ஐந்து ஆறு சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அவற்றில் உள்ள ஒரே பெரிய நன்மை, கட்டுபவர் இறந்தாலும் திட்டம் நிற்காது என்பது. அந்த நன்மை மிகத் தேவையானது, ஏனென்றால் மேலே போட்ட எல்லாக் கணக்கும் மாதாமாதம் ஒருவர் கட்டிக்கொண்டே இருப்பார் என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது. ஆனால் அதை சேமிப்பு கலக்காமல் உயிருக்கு மட்டும் காப்புத் தரும் ஒரு டேர்ம் பாலிசி குறைந்த செலவில் தரும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டியும் இல்லை. சேமிப்பு தொடங்கும் அதே மாதம் அதையும் எடுத்துவிடுங்கள்.

தங்கம்? அக்காவின் வளையல்கள் அந்த வாரம் காப்பாற்றின என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் நகையாக வாங்கும்போது செய்கூலி, சேதாரம் என்று போவது திரும்பி வராது. விற்கவும் மனசு வராது. அதனால் அடகு, அடகுக்கு வட்டி. படிப்புக்கென்று தங்கம் சேர்ப்பவர்கள் குறைந்தபட்சம் காசாகவாவது வாங்குங்கள்.

கல்விக் கடனைத் தோல்வியாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது சரியில்லை. 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் தர 2015 முதல் உத்தரவாத நிதி இருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம் வித்யாலக்ஷ்மி திட்டத்தில், தேசியத் தரவரிசையில் வந்த நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860) சேர்பவர்களுக்குப் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கடன், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம். உங்கள் பிள்ளை சேரும் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கடனின் சுமையையும் கணக்கிட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 1.25 லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளில் 5 லட்சம், வட்டி 10 சதவீதம். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கும்போது கடன் சுமார் 6.75 லட்சமாக நிற்கும். பத்து ஆண்டுகளில் கட்ட மாதம் சுமார் 8,900. முதல் வேலையில் 20,000 வாங்கும் பிள்ளைக்கு அது ஏறக்குறைய பாதிச் சம்பளம். சேமிப்பு இந்தக் கடனில் பாதியைக் குறைத்தால்கூட, பிடிக்காத வேலையை விட்டு நல்ல வேலை தேட அந்தப் பிள்ளைக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டியவை இன்னும் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கவுன்சலிங் வழிச் சேர்க்கையில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000. ஒரே பெண் குழந்தையோடு குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட, வருமான வரம்புக்குள் வரும் பெற்றோருக்கு சிவகாமி அம்மையார் நினைவுத் திட்டத்தில் 50,000 ரூபாயை அரசு குழந்தை பெயரில் வைப்பாக வைக்கிறது. இரண்டு பெண்கள் என்றால் ஆளுக்கு 25,000. பதினெட்டு வயதில் வட்டியோடு கிடைக்கும். இதற்கெல்லாம் சான்றிதழ்கள் வேண்டும். முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று எல்லாவற்றையும் பிளஸ் டூ தேர்வுக்கு முன்பே இ-சேவை மையத்தில் வாங்கி வைத்துவிட்டால், அந்த ஜூலை வாரத்தில் ஓட வேண்டியது குறையும்.

தொடக்கப் பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு யோசனை. காது குத்து விழாவில் மொய் வரும். பெரும்பாலும் அது பந்தி, பத்திரிகை, மண்டபம் என்று அன்றே போய்விடும். மொய் இனாம் அல்ல, மொய் நோட்டில் எழுதி வைத்துத் திருப்பிச் செய்ய வேண்டிய கடன்தான். ஆனால் திருப்பிச் செய்வது அடுத்த பத்து பதினைந்து ஆண்டுகளில், ஒவ்வொரு விசேஷமாக, 500-ம் 1,000-மாகப் பிரிந்து போகும். வந்த பணமோ ஒரே நாளில் கையில். நம் குழந்தைக்கு 2026 ஜூன் கடைசியில் காது குத்தி, செலவு போக மிஞ்சிய 50,000-ஐ ஜூலை ஐந்தாம் தேதிக்குள் பிபிஎஃப்பில் போட்டால், 7.1 சதவீதம் மாறாமல் இருந்தால், 2042 ஏப்ரலில் அது 1.47 லட்சம். முதல் ஆண்டுக் கட்டணத்துக்கும் விடுதி முன்பணத்துக்கும் பெரிய பங்கு அதிலிருந்தே வரும், வளையல்கள் பீரோவில் இருக்கும்.